கப்பலடியில் காற்றிடம் பாடம் கேட்டேன்



ஒரு தாயின் முறைப்பாட்டை விசாரிக்கப் போன இடத்தில் நானே மாணவனாகி, தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து எழும்பிய கதையைத்தான் இம்முறை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். என் வீட்டில் உள்ளவர்கள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வீடு தேடி வந்தார். அவருடைய மகன் என்னிடம் ஓதியவன். "ஹஸரத், நீங்க ஓதிக் குடுத்த பிள்ளை. இப்ப கடற்கரையிலதான் கிடையாய்க் கிடக்கிறான். வெள்ளைக்காரரோட சேர்ந்து பட்டம் விடுறானாம். வாப்பாட வள்ளத்துக்கும் போறானில்லை. நீங்க போய் நாலு வார்த்தை சொன்னாத்தான் கேட்பான்" என்றார். பேச்சினிடையே அவர் கண் கலங்கியதைப் பார்த்த என் மனைவி உள்ளேயிருந்து, "சனிக்கிழமை போவார்" என்று எனக்குப் பதிலாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

புத்தளத்திலிருந்து பாலாவிக்கு வந்து வலப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி. பாலாவிச் சந்தியைத் தாண்டியதும் உப்பளங்கள். பிறகு ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் மணல் காணிகளில் வெங்காயமும் மிளகாயும். 1990இல் நாங்கள் வந்து இறங்கியபோது கிடுகுக் கொட்டில்களாக இருந்த இடங்கள் இன்று ஓட்டு வீடுகளும் பள்ளிவாசல்களுமாக மாறியிருக்கின்றன. நுரைச்சோலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. மாம்புரியில் 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தத் தீபகற்பத்தில் காற்றுக்கு விலை உண்டு என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மின்சாரக்காரர்கள்தான். இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர்கள் பட்டக்காரர்கள்.

கப்பலடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பனை மரங்களுக்கு அப்பால் நடந்தேன். வானம் முழுக்கப் பட்டங்கள். நாம் சின்ன வயதில் ஈர்க்கிலும் செய்தித்தாளும் பசையும் வைத்து ஒட்டிய பட்டங்கள் அல்ல. ஒரு சின்ன அறையின் தரையளவு விரிந்த, பிறை போல வளைந்த துணிப் பட்டங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு மனிதர், காலில் பலகையோடு, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை. காற்றின் இரைச்சல் மட்டும்தான்.

என்னைக் கண்டதும் அந்தப் பையன் ஓடிவந்து, அவசர அவசரமாக ஒரு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஸலாம் சொன்னான். உம்மா அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஹஸரத், ஏசத்தானே வந்தீங்க? ஏசுங்கோ. ஆனா ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்திட்டு ஏசுங்கோ" என்றான். ஓதும் காலத்தில் "நீ எங்கே உருப்படப் போகிறாய்" என்று அவனிடம் நான் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வேம்பின் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஐரோப்பியப் பெண்மணிக்கு அவன் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் காட்டிய பொறுமை, உண்மையைச் சொன்னால், வகுப்பறையில் என்னிடம் இல்லாத பொறுமை. அவள் பத்து முறை விழுந்தாள். பத்து முறையும் அவன் குரல் உயரவில்லை.

பாடம் முடிந்து வந்தவன் இந்த விளையாட்டின் கதையைச் சொன்னான். பிரான்ஸ் நாட்டின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் என்ற இரு சகோதரர்கள், தண்ணீரில் விழுந்தாலும் திரும்ப எழும்பக்கூடிய பட்டம் ஒன்றுக்கு 1984இல் காப்புரிமை எடுத்தார்கள். அதன் முன் விளிம்பில் காற்றடைத்த குழாய் இருக்கும். அதனால் மூழ்காது. கடைக்கு அது விற்பனைக்கு வந்தது 1997இல்தான். ஆரம்பப் பட்டங்களில் காற்றை உடனே குறைக்க வழி இல்லாததால் பலர் காயப்பட்டார்கள். 2005 அளவில் வந்த புதிய அமைப்பில், கையிலுள்ள தடியைத் தள்ளிவிட்டாலே இழுவை அடங்கிவிடும். அந்த ஓகஸ்டிலேயே பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் ஒலிம்பிக் பட்டப் போட்டி முதன்முறையாக நடந்திருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் வெண்கலம் வென்றதைக் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டினான். "என்னை விடச் சின்னவன் ஹஸரத்" என்றான். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டபின் எனக்கு ஏச வரவில்லை.

ஏன் இந்த இடத்துக்கு இத்தனை பேர் வருகிறார்கள்? மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. நம் கடலோடிகள் சோழகம் என்பார்கள். பகலில் தரை சூடேற ஏறக் கடற்காற்றும் அதோடு சேர்ந்துகொள்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை. கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு மெல்லிய மணல் திட்டுத்தான். காற்று அதைத் தாண்டி வரும், அலை தாண்டி வராது. ஆகவே, பலமான காற்றும் தட்டையான தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். பழகுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பருவக்காற்றுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே நமது அரபுச் சொல்லான 'மவ்ஸிம்' என்பதிலிருந்து போனதுதான். பருவம் என்பது அதன் பொருள். 15ஆம் நூற்றாண்டின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் போன்றவர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்தே கடல் கடந்தார்கள். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்டவர். காற்று மாறி அவரை நமது தீவில் கொண்டுவந்து சேர்த்தது. அவர் இறங்கிய 'பத்தாலா' நமது புத்தளம்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இன்னொன்றையும் ஓதிக் கொடுக்கும்போது சொல்வதுண்டு. குர்ஆனில் அருட்காற்றைக் குறிக்கப் பெரும்பாலும் 'ரியாஹ்' என்று பன்மையும், தண்டனைக் காற்றைக் குறிக்கப் பெரும்பாலும் 'ரீஹ்' என்று ஒருமையும் வருகின்றன. ஆனால் ஸூரா யூனுஸில் கப்பலைச் செலுத்தும் நல்ல காற்றுக்கு ஒருமையே வருகிறது. கப்பலுக்குப் பல பக்கக் காற்று உதவாது, ஒரே பக்கக் காற்றுத்தான் வேண்டும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவார்கள். இருபது வருடமாக அதைச் சொல்லிக் கொடுத்த எனக்கு அது உடம்பில் உறைத்தது கப்பலடியில்தான்.

"நீங்களும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ ஹஸரத்" என்றான். சிரித்து மழுப்பினேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குக் கடல் பயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவில் எங்கள் ஊரவர்கள் மழையில் நனைந்தபடி கரையில் காத்திருந்து வள்ளமேறினார்கள். கொள்ளுமளவுக்கு மேல் ஆட்களும் மூட்டைகளும். உம்மா தன் முந்தானையின் ஒரு முனையை என் இடுப்பில் முடிந்துவிட்டிருந்தார். வள்ளத்தின் விளிம்பை நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன். கற்பிட்டியில் இறங்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் என்னைத் தூக்கினார்கள். கற்பிட்டி மக்கள் சோறு தந்தார்கள், துணி தந்தார்கள், இடம் தந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதில்லை. உம்மா கரைப் பக்கமே வந்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போன பிறகு நித்திரை வரவில்லை. சீனி வருத்தத்துக்குத் தேகப்பயிற்சி வேண்டும் என்று டொக்டர் சொல்லிக்கொண்டேயிருந்தார் என்பது மனைவியிடம் நான் சொன்ன காரணம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உடுப்பை மறைவாப் போடுங்கோ" என்றார். அவ்வளவுதான். உம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பாடம். முதல் நாள் முழுவதும் மணலில்தான். சின்னப் பட்டம் ஒன்றைத் தந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னான். "உங்களுக்கு முன்னால ஒரு பெரிய மணிக்கூடு இருக்கு எண்டு நினைங்கோ. உச்சியில 12. இடப்பக்கம் 9, வலப்பக்கம் 3." பட்டம் 12இல் நின்றால் கிட்டத்தட்டத் தூங்குகிறது, இழுவை குறைவு. ஓரங்களான 9இலும் 3இலும் அப்படித்தான். அதை நடுவாக வெட்டி இறக்கினால் ஆளைத் தூக்கி எறியும். இந்தக் கணக்குப் புரிந்தால் பாதி வித்தை வந்துவிட்டது. சிறு வயதில் முச்சை கட்டி விண் பூட்டிப் பட்டம் ஏற்றிய கை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவனே ஆச்சரியப்பட்டான். கொஞ்சம் பெருமை வந்தது. பெருமைக்கு ஆயுள் அடுத்த சனிக்கிழமை வரைதான்.

பெரிய பட்டத்துக்கு ஆயத்தமே ஒரு பாடம். என் எடைக்கு 12 சதுர மீற்றர். கைப்பம்பால் விளிம்புக் குழாயில் காற்றடித்து, பறந்துவிடாமல் கவிழ்த்து மண் போட வேண்டும். இருபது மீற்றருக்கு மேல் நீளமான நான்கு கயிறுகளைச் சிக்கெடுத்து, நிறம் பார்த்து மாட்ட வேண்டும். ஒன்று மாறினாலும் பட்டம் பைத்தியம் பிடித்துச் சுழலும். இடுப்பில் அகலமான பட்டி. பட்டம் இழுப்பது கையை அல்ல, அந்தப் பட்டியை. அதன் முன்னால் ஒரு சிவப்புப் பிடி. ஆபத்தென்றால் அதைத் தள்ளிவிட்டால் பட்டத்தின் பலம் அத்தனையும் போய், ஒற்றைக் கயிற்றில் கொடி போலத் துவண்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பிடியைத் தேடி எடுக்கும் வரை என்னை அவன் தண்ணீருக்கு விடவில்லை. மரத்துக்கும் மின்கம்பிக்கும் கிட்ட ஏற்றக் கூடாது, கறுத்த மேகம் எழும்பினால் உடனே இறக்க வேண்டும், காற்று தரையிலிருந்து ஆழ்கடலை நோக்கி வீசும் இடத்தில் இறங்கவே கூடாது. நம் வள்ளக்காரர்களின் எச்சரிக்கைகள்தான் எல்லாம்.

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. கலிமாவை ஓதிக்கொண்டேன். பட்டம் சற்று இறங்கி இழுத்ததும் என் இரண்டு கைகளும் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டன. அங்கேதான் விஷயமே இருக்கிறது. தடியை உன் பக்கம் இழுத்தால் பட்டத்தின் பலம் கூடும். பயந்தவன் இறுகப் பிடிக்கிறான். பிடிக்கப் பிடிக்க இழுவை கூடுகிறது, கூடக் கூட இன்னும் இறுக்குகிறான். நான் முயல் போலத் துள்ளி, முகம் குப்புற விழுந்து, உப்புத் தண்ணீரை மூக்கால் குடித்தேன். "கையை விடுங்கோ ஹஸரத், கையை விடுங்கோ!" என்று அவன் பின்னாலிருந்து கத்துகிறான். விரல்கள் விரியவில்லை. பத்து வயதில் விரியாத அதே விரல்கள். கடைசியில் அவன் நீந்தி வந்து என் விரல்களைத் தடியிலிருந்து எடுத்துவிட்டான். பட்டம் உச்சிக்குப் போய்ச் சாதுவாக நின்றது.

கரையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு விளங்கும். அவன் ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கயிறு சுற்றுவது போல அப்பால் போய்விட்டான். அந்த இங்கிதத்தை யார் அவனுக்கு ஓதிக் கொடுத்தார்கள்? நிச்சயமாக நான் அல்ல.

அதன் பிறகு மூன்று சனிக்கிழமைகள் பலகை இல்லாமல், உடம்பை மட்டும் பட்டம் இழுத்துச் செல்லப் பழகினேன். ஒரு கையை நீரில் சுக்கான் போல நீட்டிப் பிடித்தால் காற்றுக்குக் குறுக்காகவும் போகலாம். தொலைந்த பலகையை எடுத்து வருவதற்கு அது கட்டாயம். நான் பலகையைத் தொலைத்த தடவைகளுக்குக் கணக்கில்லை. நாற்பதுக்கு மேல் பழகுபவருக்கு உடம்பு அடுத்த நாள் கணக்குக் கேட்கும். விலாவிலும் முன்கையிலும் நோவு. ஞாயிறு சுபஹில் ஸுஜூதுக்குப் போனால் எழும்ப மனம் வராது. இளைஞன் விழுந்து விழுந்து பழகுவான், நடுவயதுக்காரன் யோசித்து யோசித்துப் பழக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கயிறில்லாத கைச்சிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அடியில் துடுப்பு முளைத்த பலகையில் ஏறும் புது விளையாட்டையும் காட்டினான். ஏறிய வேகத்தில் இறங்கினேன். அது இந்த வயதுக்கில்லை.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு அஸருக்குப் பின், பட்டத்தை 12இலிருந்து வெட்டி இறக்கியதும் பலகை என்னைத் தூக்கியது. எழும்பினேன். கையைத் தளர்த்தினேன். ஒரு நூறு மீற்றர் இருக்கும். தண்ணீர் காலுக்கடியில் பட்டுத் துணி கிழிவது போலச் சத்தமிட்டது. பிறகு வழமைபோல விழுந்தேன்.

"எங்கள் பெண்களுக்கு இது ஆகுமா?" என்று பலர் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்கள். விளையாட்டில் பிழையில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தனிப்போட்டியே இருக்கிறது, தங்கம் வென்றது பிரித்தானியப் பெண் ஒருவர். உடம்பின் பலத்தைவிட நிதானம்தான் இதற்கு வேண்டும். ஆனால் கரையில் கலப்பும் அரைகுறை உடையும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். நாங்கள் செய்தது இதுதான். ஆட்கள் வராத காலை வேளையில் மனைவியும் மகளும் மணலில் அந்தச் சின்னப் பட்டத்தை விட்டுப் பார்த்தார்கள். மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. தண்ணீரில் இறங்குவதற்கு முதலில் நீச்சல் வேண்டும், கற்றுத்தரப் பெண் ஆசிரியையும் ஒதுக்கமான இடமும் வேண்டும். கடலால் சூழப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நம் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1990இல் அந்த வள்ளத்தில் இருந்த பெண்களில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

பையனின் உம்மாவுக்கு என்ன சொன்னேன்? தொழிலை விடச் சொல்ல மாட்டேன் என்றேன். அவருடைய கவலைகளில் சில நியாயமானவை. பருவம் முடிந்தால் வருமானம் இல்லை, கரையில் கிடைக்கும் சகவாசம் எல்லாம் நல்லதில்லை. ஜும்ஆவைத் தவறவிடக் கூடாது, காற்றில்லாத மாதங்களில் வாப்பாவோடு வள்ளத்துக்குப் போக வேண்டும் என்று அவனிடம் இரண்டு வாக்கு வாங்கினேன். அந்தத் தாய் முழுதாகத் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு பை நிறையக் கருவாடு அனுப்பியிருந்தார்.

அந்தக் கருவாடுதான் காட்டிக்கொடுத்தது. "கப்பலடியில உனக்கு ஆர்?" என்று உம்மா கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்தி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த முறை என்னையும் கூட்டிப் போ" என்றார்.

முச்சக்கர வண்டியில் அழைத்துப் போனோம். வேம்பின் கீழ் பாய் விரித்து உட்கார வைத்தோம். காற்று முக்காட்டைப் பறிக்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பட்டத்தையும் பார்த்தார், தண்ணீரையும் பார்த்தார். மணல் திட்டுக்கு அப்பால் தெரிந்த கடலை மட்டும் பார்க்கவில்லை. பையன் வந்து ஸலாம் சொன்னதும் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எத்தனை கயிறு மகன்?"

"நாலு, உம்மா."

"அறுந்தா?"

"ஹஸரத்தோட இடுப்பில இன்னொரு கயிறு கட்டியிருக்கு. பட்டம் அதில நிக்கும். தண்ணியும் இடுப்பளவுதான். நான் பக்கத்திலயே நிப்பன்."

உம்மா என்னை அருகில் வரச் சொன்னார். பட்டியில் மாட்டியிருந்த அந்தக் கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, முடிச்சு வரைக்கும் தடவிப் பார்த்து, ஒரு முறை இழுத்தும் பார்த்தார்.

"சரி, போ" என்றார்.